“நான் சிக்கன் தின்னதாலதான் தாத்தா செத்தாரா?”

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. மகனுக்கு நாலு வயது. பங்குனியில் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தாத்தா நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் தெருமுனைப் பிள்ளையாரை 108 சுற்று சுற்றுவதாக என் மகள் வேண்டியிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் சிக்கன் ரைஸ் சாப்பிட்டிருக்கிறாள். மறுநாள் மாமனார் தவறிவிட்டார். வெள்ளிக்கிழமை கவிச்சி தின்றால் சாமி கண்ணைக் குத்தும் என்று என் அத்தை, அதாவது மாமியார், எப்போதும் சொல்வார். துக்கத்தின்போது பிள்ளைகள் இரண்டு பேரையும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வேண்டுதல் விஷயமே இரண்டு மாதம் கழித்து, ராத்திரி அழுதபோதுதான் எனக்குத் தெரியும்.

இப்போது பள்ளிக்குக் கிளம்பும்முன் வீட்டில் இருக்கும் சாமி படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிடுகிறாள். நடுவில் தம்பி கூப்பிட்டாலோ, மனதில் ‘கெட்ட வார்த்தை’ வந்தாலோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். வேன் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. வயிற்றுவலி என்கிறாள். தம்பியை அடிக்கிறாள். படுத்த பிறகு, “அம்மா, நீ சாக மாட்டேல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அத்தை கோடாங்கியிடம் குறி கேட்டார். குலதெய்வக் குத்தம் என்று சொன்னாராம். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் கயிறு கட்ட வேண்டும் என்கிறார். என் கணவர் கறுப்புச் சட்டைக்காரர். “இந்த பக்திதான் பிள்ளையைக் கெடுத்துச்சு” என்று படங்களைக் கழற்றிப் பரணில் போட்டார். அன்று முழுக்கப் பிள்ளைக்கு வாந்தி. நான்தான் திரும்ப எடுத்து மாட்டினேன். தினமும் சண்டை. எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, ஆனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை. குழந்தைக்கு பக்தியைக் கொடுக்கவா, எடுத்துவிடவா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்குப் பிறகு வருகிறேன். உங்கள் வீட்டில் இப்போது அவசரம் அது இல்லை. பெரியவர்கள் மூன்று பேரும் சாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பிள்ளையோ தாத்தாவைப் பற்றிப் பேசுகிறாள். கோடாங்கி சொன்னதையும் உங்கள் கணவர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் மனதுக்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை கவிச்சி சாப்பிட்டேன். சனிக்கிழமை தாத்தா செத்துப்போனார். அப்படியென்றால் என்னால்தான்.

ஒன்பது வயதில் இந்தக் கணக்கு வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே 1932-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ஒரு சின்னக் கதை சொன்னார். ஒரு பையன் தோட்டத்தில் ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிறான், வழியில் உளுத்துப்போன பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா என்று கேட்டார். ஆறேழு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள், திருடியதால்தான் விழுந்தான் என்றார்கள். பாலம் உளுத்திருந்தது என்பது அவர்களுக்கு ஒரு காரணமாகவே படவில்லை. வயது ஏற ஏற இந்த எண்ணம் குறைந்துகொண்டே போகும். ஒன்பது வயது என்பது இரண்டுக்கும் நடுவில். சாதாரண நாளில் உங்கள் மகளே இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். வீட்டில் சாவு விழுந்த சமயத்தில் வளர்ந்தவர்களே, “அன்னைக்கு நான் அவரை ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா…” என்று பின்னோக்கிக் கணக்குப் போடும்போது, குழந்தை பழைய கணக்குக்கு இறங்கிவிடுவதில் ஆச்சரியம் என்ன?

உங்கள் வீட்டில் அந்தக் கணக்குக்குத் தேவையான சூத்திரமும் தயாராக இருந்தது. சாமி கண்ணைக் குத்தும். நம் ஊரில் இதைச் சொல்லாத பாட்டி கிடையாது. சோறு சிந்தினால், பொய் சொன்னால், புத்தகத்தை மிதித்தால் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தண்டனைதான். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் காதில் வாங்கி அப்படியே விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள், இயல்பிலேயே பயந்த சுபாவமும் பொறுப்பும் அதிகம் உள்ள பிள்ளைகள், அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் அந்த ரகம் என்று நினைக்கிறேன். யாரும் கேட்காமலே 108 சுற்று வேண்டிக்கொண்ட பிள்ளை அல்லவா.

இந்த இடத்தில் உங்கள் கணவர் சொல்வது ஏன் எடுபடவில்லை என்று பாருங்கள். “சாமியே இல்ல, நீ எதுக்குப் பயப்படுற?” என்கிறார். வளர்ந்தவர் காதுக்கு அது விடுதலை. பிள்ளைக்கு அப்படி இல்லை. தாத்தாவைத் தான் கொன்றுவிட்டதாக அவள் நம்புகிறாள். அவளை மன்னிக்க முடியும் என்று அவள் நினைக்கும் ஒரே ஆளையும் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டார். தப்பு அப்படியே இருக்கிறது, மன்னிப்பு கேட்க ஆள் இல்லை. படங்களைக் கழற்றிய அன்று அவள் வாந்தி எடுத்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

அதனால் முதல் வேலை உங்கள் அத்தையுடையது. ஆமாம், உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. சட்டம் சொன்னவர் அவர், அதைத் திரும்பப் பெறுகிற அதிகாரமும் இந்தப் பிள்ளையின் மனதில் அவருக்குத்தான் இருக்கிறது. வெள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு நான் பத்துத் தடவை சொன்னாலும், அப்பத்தா ஒரு தடவை சொல்வதற்கு ஈடாகாது. ஒரு மத்தியான நேரம், வீட்டில் சத்தம் இல்லாதபோது, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் தன் வார்த்தையிலேயே சொல்லட்டும். இந்த மாதிரி இருந்தால் போதும்: “தாத்தாவுக்கு நெஞ்சு ரொம்ப நாளாவே சரியில்ல தாயி. நீ தின்ன சோத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண்ணைக் குத்தும்னு நான் சொன்னது சும்மா மிரட்டுறதுக்கு. பிள்ளைக மேல எந்தச் சாமியும் கோவிச்சுக்காது. நீ வேண்டிக்கிட்டது தாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாரு.” கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். அந்த வேண்டுதல் பலிக்காமல் போனதும் அவளுக்கு ஒரு காயம். அதை அன்பு என்று யாராவது சொல்லித்தான் அவள் கேட்க வேண்டும்.

அத்தை முரண்டு பிடித்தால் அவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் பக்கத்துக் குலதெய்வங்களில் எத்தனைக்குக் கிடா வெட்டு நடக்கிறது? பாண்டி கோயிலில் கிடா விருந்து நடக்காத வாரம் உண்டா? கிடாக்கறி ஏற்கிற சாமிகளின் ஊரில், தட்டில் வைத்ததைத் தின்ற பிள்ளையை எந்தச் சாமி தண்டிக்கப்போகிறது? இதற்கு அவர் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கஷ்டமும் இருக்கிறது, அத்தையின் கஷ்டம் மட்டும் இல்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரைப் பறிகொடுத்திருக்கிறார். கோடாங்கியிடம் ஓடியதும் குலதெய்வக் குத்தம் என்று காரணம் தேடுவதும் அவருடைய துக்கத்தின் பாஷையாக இருக்கலாம். அவரிடம் யாராவது தாத்தாவைப் பற்றிப் பேசினீர்களா?

அடுத்து உங்கள் கணவரின் வேலை. சாமி உண்டா இல்லையா என்ற வழக்கை அவர் இப்போதைக்குத் தள்ளிவைக்கட்டும். அவரால்தான் நன்றாகச் செய்ய முடிகிற ஒரு காரியம் இருக்கிறது. தாத்தா எப்படி இறந்தார் என்று உடம்பைப் பற்றிச் சொல்வது. ஒரு தாளில் இதயத்தை வரைந்து, அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களை வரைந்து, அதில் எந்த இடத்தில் அடைப்பு வந்தது, அடைப்பு ஒரு நாளில் வருவதில்லை, வருடக்கணக்கில் படிந்து வருவது என்று காட்டட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களில் தேதிகளும் விவரங்களும் இருக்கும். நெஞ்சுவலி வந்த தேதியையும் சிக்கன் ரைஸ் சாப்பிட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் அவளே எழுதட்டும். தாத்தாவுக்கு வியாதி வந்தது முதலில், சாப்பாடு பிறகு என்று அவள் கண்ணாலேயே பார்ப்பாள். எதையும் ஏன், எப்படி என்று கேட்டுப் பழகியவர் அவர். அந்தப் பழக்கத்தை மகளுக்குக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

துக்கத்துக்குப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பீர்கள், பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் நம் சடங்குகளை யோசித்துப் பாருங்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? என்ன காரணத்துக்காக வைத்தார்களோ, சாவு வீட்டில் குழந்தைக்கு என்று ஒரு இடமும், கையில் ஒரு வேலையும் அதனால் கிடைக்கிறது. தீ சுடும், எல்லோரும் அழுவார்கள், பெரியப்பா கையைப் பிடித்துக்கொள்வார், மூன்று சுற்று சுற்றியதும் முடிந்துவிடும். தாத்தா போய்விட்டார் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கு அது கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன தாத்தா, திரும்பி வந்து பார்த்தால் மாலை போட்ட போட்டோ. இடையில் நடந்ததை எல்லாம் அவள் கற்பனையில் நிரப்பியிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது நன்றாகவே தெரியும். ஆகவே மறைக்க எதுவும் இல்லை. அன்று என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள், எங்கே எரியூட்டினோம் அல்லது புதைத்தோம் என்று சொல்லுங்கள். தலைத் திவசம் பங்குனியில் வரும். அதில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தாத்தாவுக்குப் பிடித்த பலகாரம் எது என்று அவளே சொல்லி, அவளே படைக்கட்டும். அதற்கு முன்பாகவே ஏதாவது ஒரு அமாவாசையில் இதை ஆரம்பிக்கலாம்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. குழந்தைக்கு பக்தி நல்லதா, கெட்டதா?

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவில், பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களில் செய்யப்பட்டவை. அதை அப்படியே திருமங்கலத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதைச் சொல்லிவிட்டே சொல்கிறேன். 2008-ல் பார்ட்கோவ்ஸ்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகள் 16,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்ன விவரங்களைப் பார்த்தார்கள். பெற்றோர் சேர்ந்து வழிபாட்டுக்குப் போகிற, பிள்ளையோடு அதைப் பற்றிப் பேசுகிற வீடுகளில் பிள்ளைகளின் சுயகட்டுப்பாடும் பழகும் விதமும் பொதுவாக நன்றாக இருந்தன. ஆனால் மதத்தை வைத்துப் பெற்றோர் அடிக்கடி சண்டை போடுகிற வீடுகளில் நிலைமை தலைகீழ். அந்த வரியைத்தான் உங்கள் மூன்று பேருக்கும் அடிக்கோடிட்டுக் காட்டுவேன்.

2018-ல் ஹார்வர்டிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, செவிலியர்களின் பிள்ளைகள் 5,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. சிறுவயதில் வாரம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போனவர்களும், தினமும் பிரார்த்தனையோ தியானமோ செய்தவர்களும், இருபதுகளில் கொஞ்சம் கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள். போதைப் பழக்கமும் அவர்களிடம் குறைவு. இதை அத்தையிடம் காட்டினால் சந்தோஷத்தில் குதிப்பார். ஆனால் 2008 ஆய்வைச் செய்த அதே பார்ட்கோவ்ஸ்கி 2019-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மனநலத்திலும் பழகுவதிலும் மேலே இருந்தாலும், வாசிப்பு, கணக்கு, அறிவியல் மதிப்பெண்களில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். உங்கள் கணவரும் ஒன்று எடுத்துக்கொண்டு வரலாம். 1,170 குழந்தைகளை வைத்து, மத நம்பிக்கையுள்ள வீட்டுப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது குறைவு என்று 2015-ல் ஒரு கட்டுரை வந்து உலகம் முழுக்கச் செய்தியானது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் வெறும் அடையாளமாகப் போட்ட எண்களை, நிஜ அளவு போலத் தப்பாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2019-ல் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருப்பதைக் காட்டுகின்றனவே தவிர, பக்திதான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஒழுங்காக வாரம் ஒருமுறை எங்கேயாவது குடும்பத்தோடு போகிற வீட்டில் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கு இருக்கும் அல்லவா. என் வேலையில் நான் பார்க்கிற அளவில், பிள்ளைக்கு உதவுவது பக்தியோடு கூட வருகிற சில பழக்கங்கள். சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, தலையில் உருமாக் கட்டி, அழகர் வேடம் போட்டு, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு போகிற பொடியன்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையனுக்கு ராத்திரி தூக்கம் இல்லை, கூட்டம், வெயில். ஆனால் மாமாவின் தோளில் இருக்கிறான், ஊரே செய்வதைத் தானும் செய்கிறான், தண்ணீர் பட்டவர்கள் அவனைக் கும்பிடக்கூடச் செய்கிறார்கள். நமக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிகிறது. கோரிப்பாளையம் தர்காவுக்கு அத்தாவோடு போகிற பிள்ளைக்கும், கீழவாசல் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்கிற பிள்ளைக்கும் அதே பலன்தான். சாமி நம்பிக்கை இல்லாத வீட்டிலும், பொங்கலுக்கு ஊரோடு கலக்கிற, தாத்தா நினைவு நாளில் நாலு பேருக்குச் சோறு போடுகிற குடும்பமாக இருந்தால் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

கெடுதலும் உண்டு. சாமியை வீட்டுப் போலீஸ்காரராக வைத்துப் பிள்ளை வளர்ப்பது கெடுதல். அப்பாவால் அடக்க முடியாததை அம்மன் பெயரைச் சொல்லி அடக்குவது. இப்படி வளரும் பிள்ளை, கஷ்டம் வரும்போது சாமியிடம் ஆறுதல் தேடாது, “நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றுதான் தேடும். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். கடவுள் கூட இருக்கிறார் என்று நினைத்துக் கஷ்டத்தைக் கடப்பவர்களுக்கு மனம் தேறுகிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று நினைப்பவர்களுக்குச் சோர்வு கூடுகிறது. உங்கள் மகள் இரண்டாவது பக்கம் நிற்கிறாள். அவளை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர முடியும், அவளுக்கு வேண்டாம் என்றால் வெளியே போகவும் விடலாம், ஆனால் அது அவள் பெரியவளாகி எடுக்க வேண்டிய முடிவு. ஒன்பது வயதில், துக்கத்தின் நடுவில், படங்களைப் பிடுங்கி எடுப்பது சரியான வழி இல்லை. ஆகவே கொடுக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். இருப்பதில் பயத்தை மட்டும் எடுங்கள். திரும்ப மாட்டிய படங்கள் அங்கேயே இருக்கட்டும்.

இனி நான் கவலைப்படுகிற விஷயம். படங்களைத் தொட்டுக் கும்பிடுவது, நடுவில் தடங்கல் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பது, மனதில் வருகிற ‘கெட்ட வார்த்தை’. இது பக்தி இல்லை. ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், நேரில் பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகப்பட நிறையக் காரணம் இருக்கிறது. கும்பிட்டு முடித்தால் மனம் லேசாக வேண்டும். இவளுக்கு அந்த நிம்மதி சில நிமிடம்கூட நிற்பதில்லை, திரும்ப வேண்டியிருக்கிறது. செய்யாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் பின்னால் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனாலோ, இதனால் பள்ளி தவறினாலோ தள்ளிப்போடக் கூடாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே வேன் தவறிவிட்டது.

உங்கள் கணவருக்கு இதையும் சொல்லுங்கள். சாமி படமே இல்லாத வீட்டிலும் இந்த நோய் வரும். அங்கே கை கழுவிக்கொண்டே இருப்பதாக, தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக வரும். தொழுகைக்கு முன் ஒளு, அதாவது கை, முகம், கால் கழுவுவதை, செய்ததையே மறுபடி மறுபடி செய்கிற பிள்ளைகள் உண்டு, ஜெபமாலையில் மணி தவறியதாக நினைத்து அழுகிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் எது பெரிய விஷயமோ அதைப் பிடித்துக்கொண்டு வரும் நோய் இது. அத்தைக்குச் சொல்ல வேண்டியது, ‘கெட்ட வார்த்தை’ மனதில் வருவதைப் பற்றி. பூஜை நேரத்தில் அசிங்கமான எண்ணம் ஒன்று தலையில் ஓடுவது யாருக்கும் நடக்கும், அத்தைக்கே நடந்திருக்கும். நாம் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். இந்தப் பிள்ளை அதைப் பெரிய பாவம் என்று பிடித்துத் துரத்துகிறாள், துரத்தத் துரத்த அது கூடுகிறது. அவளுக்குப் பேயும் பிடிக்கவில்லை, அவள் கெட்டுப்போகவும் இல்லை.

டாக்டரைப் பார்க்கும் வரை வீட்டில் செய்யக்கூடியது இது. காலையில் கும்பிடுவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் நடுவில் தடங்கல் வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்துவிட்டு வேனுக்குக் கிளம்ப வேண்டும் என்று அவளிடமே முதல் நாள் ராத்திரி பேசி வைத்துக்கொள்ளுங்கள். “கெட்ட வார்த்தை வந்துருச்சும்மா” என்றால், “வந்தா வரட்டும், நீ அடுத்த படத்தைக் கும்பிடு” என்று சொன்னால் போதும். பயம் ஏறும், அழுவாள், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அது தானாக இறங்கும் என்பதை அவள் உடம்பு கற்றுக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. அவளுக்காக நீங்கள் எண்ணிக்கொடுப்பது, அவளுக்குப் பதிலாக நீங்கள் கும்பிடுவது, இதெல்லாம் வேண்டாம். முரட்டுத்தனமாக நிறுத்தவும் வேண்டாம், தோற்றுப்போகிற நாள்கள் இருக்கத்தான் செய்யும்.

“நீ சாக மாட்டேல்ல?” என்ற கேள்விக்கு, சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். தாத்தாவும் சாகமாட்டார் என்று நினைத்திருந்த பிள்ளை, நம்ப மாட்டாள். “அம்மா நல்லா இருக்கேன். ரொம்ப நாள் உன்கூட இருப்பேன். ஒருவேளை எனக்கு உடம்பு சரியில்லைன்னாலும் உன்னைப் பாத்துக்க அப்பா இருக்காரு, அப்பத்தா இருக்காங்க, சித்தி இருக்கா” என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லுங்கள். அதே ராத்திரி மறுபடி கேட்டால், “அதுக்குப் பதில் சொல்லியாச்சு தாயி, இப்ப உன் பயம்தான் கேக்குது” என்று தலையைக் கோதிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஆறுதல் சொல்லிக்கொண்டே போனால் கேள்வி நீளுமே தவிர நிற்காது.

தம்பியை அடிப்பதை அடிப்பதாகவே பாருங்கள், அடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அதற்குச் சாமியை இழுக்க வேண்டாம். கும்பிடும் நேரத்தில் அவன் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் பாதி குறைந்துவிடும். வகுப்பு ஆசிரியரிடம் தாத்தா இறந்ததையும் காலையில் தாமதமாவதன் காரணத்தையும் சொல்லி வையுங்கள், லேட்டானதற்கு வெளியே நிற்க வைத்துவிடப் போகிறார்கள்.

கோயில் விஷயம். அத்தையின் மனதுக்கு அது தேவையென்றால் பாண்டி கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ எல்லோருமாகப் போய்வாருங்கள். பொங்கல் வைத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவதில் கெடுதல் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் கவனித்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை, குடும்பத்தோடு தங்கிக் கோயில் வேலைகளைச் செய்தார்கள். சில வாரங்களில் நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அவர்கள் பெரியவர்கள், நோயும் வேறு. ஆனாலும் அரவணைக்கிற இடம் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் உதவும் என்று உங்கள் கணவர் தெரிந்துகொள்ளலாம். கயிறு கட்டினால் கட்டட்டும், ஆனால் “இதை அவுத்தா ஆபத்து” என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது. அவளுக்கு அது இன்னொரு படமாகிவிடும். உடுக்கை அடித்து, “யார் நீ, சொல்லு” என்று அவளை உட்கார வைத்துக் கேட்பது, வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை, பட்டினி, இந்தப் பேச்சு எழுந்தால் நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டும். இத்தனை நாள் யாரிடமும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கையும் இருந்து, பயமுறுத்தலும் வேண்டாம் என்று நினைக்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான். அவள் முன்னால் சண்டை கூடாது என்ற ஒரு விதியையும் நீங்கள்தான் போட வேண்டும். வாதம் செய்ய வேண்டுமென்றால் இரண்டு பேரும் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளியாகவே காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள், திருமங்கலத்தில் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த வயதில் பேச்சு வழிச் சிகிச்சையில்தான் ஆரம்பிப்போம். தேவைப்பட்டால் மாத்திரை சேர்ப்போம், அது வேலை செய்யப் பல வாரம் ஆகும். வேறு யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நடத்தை எல்லாம் மெல்ல மெல்ல வராமல் ஓரிரு நாளில் திடீரென்று உச்சத்துக்குப் போனது என்றால், அதற்குச் சற்று முன் தொண்டை வலியோ காய்ச்சலோ இருந்ததா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அபூர்வமாக அப்படியும் வருவதுண்டு. சாப்பாடு இறங்காமல் எடை குறைந்தாலோ, “நானும் தாத்தாகிட்டப் போறேன்” என்ற மாதிரி ஏதாவது சொன்னாலோ அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். மற்றபடி இந்த மாதத்துக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். முடிந்தால் அத்தையும் கூட வரட்டும், அவரிடமும் பேச வேண்டியிருக்கும்.